வாசலோடு நிற்கட்டும் கேமரா!

கேள்வி: கொடைக்கானலில் வாடகை வீடு எடுத்து நான்கு நாள் தங்கப்போகிறோம். உள்ளே ரகசிய கேமரா இருக்குமோ என்று மனைவிக்குப் பயம். என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: கேமரா வாசலில் இருந்தால் திருடனுக்குப் பயம், படுக்கையறையில் இருந்தால் வைத்தவனே திருடன்!

வாடகை வீடு பிடித்துத்தரும் இணையதளமான ஏர்பிஎன்பி, 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவே கூடாது என்று தடை போட்டுவிட்டது. 'அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்' என்ற சால்ஜாப்பும் செல்லாது. வெளியே வைக்கலாம், ஆனால், எங்கே என்று முன்பே சொல்லியாக வேண்டும். புரோக்கர் மூலம் பிடித்த வீட்டுக்கு அந்த விதி கிடையாது, சட்டம் உண்டு. சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தைப் படம்பிடித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

போனதும் விளக்கை அணைத்துவிட்டு, கடிகாரம், சார்ஜர், புகை எச்சரிக்கைக் கருவி மீது டார்ச் அடியுங்கள். லென்ஸ் இருந்தால் புள்ளியாக மினுங்கும். மினுங்கினால் தொடாமல் போட்டோ எடுத்துவிட்டு, போலீஸைக் கூப்பிடுங்கள். கட்டிலுக்கு எதிரே ஓடாத கடிகாரம் தொங்கினால் கூடுதல் கவனம் தேவை. ஆனால், சோதித்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள். வீட்டுக்காரர் வெறும் கஞ்சராகவும் இருக்கலாம், பேட்டரி வாங்கியிருக்க மாட்டார்!