கைபேசிப் பெருமானின் திருவிளையாடல்

செபராங் ஜெயாவில் பெட்ரோல் நிரப்பி, கூலிம், பாலிங், கிரிக் எனக் காடு நோக்கிப் புறப்படும் மோட்டார் சைக்கிள் வீரர்களே, ஹேண்டில்பாரில் எழுந்தருளியிருக்கும் கைபேசிப் பெருமானைப் பணிந்துவிட்டு இன்ஜினை முடுக்குங்கள். வழிகாட்ட அவரைவிட்டால் வேறு தெய்வம் ஏது!

தார்ச்சாலையில் அவர் மகிமை விளங்காது. 1982இல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை விட்டு மரலாரித் தடத்தில் இறங்குங்கள். லைன் போய்விடும், அருள் சுரக்கும். துணைக்கோள்கள் இருப்பிடத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைக்காத பக்தனுக்கு ஆறு, மேடு, கவர்வழி எனும் மாயைகளை அறவே நீக்கி, சாம்பல் பெருவெளியில் ஒற்றை நீலப் பொட்டாக அவனை மட்டுமே காட்டியருள்வார். முனிவர்கள் குகையில் தவங்கிடந்து பெற்ற அத்வைத ஞானம், நமக்குச் சேற்றில் நின்றபடியே சித்திக்கிறது.

மழையிலோ அவருடைய கருணைக்கு எல்லையே இல்லை. ஒவ்வொரு துளியையும் அடியவர் விரலாகவே பாவிப்பார். ஒரு துளி பட்டால் வரைபடம் தாய்லாந்துவரை விரியும். அடுத்த துளியில் பாதை அழியும். மூன்றாவது துளிக்கு, லைனே இல்லாத காட்டிலிருந்து உங்கள் மாமியாரை அழைக்கப் பார்ப்பார். உங்கள் கையுறை விரலை மட்டும் ஏறெடுத்தும் பாரார். அத்தனை வைராக்கியம்!

உச்சி வெயிலில் சூடேறி முகம் மங்கும் நாணத்தைச் சொல்வதா? தியாகத்தைச் சொல்வதா? பெரிய மோட்டார் சைக்கிளின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அதற்கும் அஞ்சாமல் ஹேண்டில்பாரிலேயே நின்று கண்ணைத் தரத் துணிந்த கண்ணப்பர் அல்லவா இவர்!

கார்மின் ஜிபிஎஸ்மேப் 64 போன்ற கையடக்கக் கருவிகளும் உலகில் உண்டு. ரசனையற்ற பிறவிகள். ஒட்டுக்கடையில் கிடைக்கும் இரண்டு டபுள் ஏ பேட்டரியில் 16 மணி நேரம் உழைக்கும். வெயில் ஏற ஏறத் திரை துலங்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் அலட்டிக்கொள்ளாது. கையுறையோடு பட்டனை அமுக்கினால் மறுபேச்சின்றிக் கீழ்ப்படியும். வந்த தடத்தைப் புள்ளி பிசகாமல் குறித்துவைத்து, அதே வழியில் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தும் விட்டுவிடும். இத்தகைய அற்பத்தை நம்பிப் போனவருக்கு, பேட்டரி தீர்ந்த பெருமானைச் சட்டைப் பையில் சுமந்தபடி, தெமெங்கோர் காட்டு யானைகளின் நடைபாதையில் இராத்தங்கும் பாக்கியம் எந்தப் பிறவியில் வாய்க்கும்?