மாப்ள, தைலமரமா வைக்கப் போற?

சிங்கப்பூர்லேருந்து வந்த கையோட கொல்லையில தைலமரம் வைக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே மாப்ள. வை, நல்லா வை. அஞ்சு சென்ட்டு மனை. வீடு போக மிச்சம் ஒரு கிணறு, ஒரு கருவேப்பிலை, உங்க ஆத்தா போட்ட அவரைப் பந்தல். ஆஸ்திரேலியாவுல நூத்தம்பது அடிக்கு வளர்ற மரம் ஒண்ணுதான் அங்க குறைச்சலா இருந்துச்சு.

எப்படி வைக்கணும்னு கேட்டியாம்ல, சொல்றேன். ஐப்பசி மழை பிடிக்கிறப்ப வை. கன்னு சின்னதா இருக்கணும். ஆள் உசரத்துக்கு நிக்குதேன்னு பழைய பாக்கெட்டுக் கன்னை வாங்கிப்புடாத. அதுல வேர் பைக்குள்ளயே சுருண்டு கெடக்கும். மண்ணுக்குள்ள போனாலும் சுருண்டதுதான், புடிமானம் இருக்காது. 2018 கஜா புயல்ல நம்ம பக்கம் தென்னையே வரிசையாப் படுத்துச்சு, இது எந்த மூலைக்கு? உன் வீட்டு மேலதான் சாயும்னு நான் சொல்லல. பக்கத்து வீட்டு மேலயும் சாயலாம்.

சின்னதுல கரையான் அரிக்கும், அதை மட்டும் பாத்துக்க. அப்புறம் உனக்கு வேலையே இல்ல. ஆடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிரும், வேலி செலவு மிச்சம். தண்ணியும் நீ ஊத்த வேணாம். அதுவே கிணத்தடியில எடுத்துக்கும்.

இது நான் கட்டிவிட்ட கதையில்ல. ரோமாபுரிக்குப் பக்கத்துல ட்ரே ஃபொன்டானேன்னு ஒரு மடம். போன நூத்தாண்டுக்கு முந்தின நூத்தாண்டுல, மலேரியா ஒழியணும்னு அங்க இருந்த சாமியாருங்க சதுப்பு நிலத்தை வத்த வைக்க இந்த மரத்தைத்தான் நட்டாங்களாம். பேத்தி போன்ல படிச்சுச் சொன்னா. உன் கொல்லையில சதுப்பு எங்க இருக்குன்னு நானும் எட்டி எட்டிப் பாத்தேன். கெணறுதான் தெரிஞ்சுது.

வாசம் நல்லாருக்கும்கிற. இருக்கும், யாரு இல்லேன்னா? ஒரு இலையப் பறிச்சு வெயிலுக்கு நேரா புடிச்சுப் பாரு, ஊசி குத்துன மாதிரி புள்ளி புள்ளியாத் தெரியும். எண்ணெய் அதுலதான் இருக்கு. கசக்கினா ஆர்.எஸ்.பதி பாட்டிலைத் தொறந்த வாசம். சளி புடிச்சா நாலு இலையப் போட்டு ஆவி புடிச்சுக்க. ஆனா தைலத்தை வாயில விட்டா விஷம். பேரப்புள்ளை கைக்கு எட்டுற எடத்துல பாட்டிலை வைக்காத. இதுல எனக்கு வெளையாட்டு இல்ல. இன்னொண்ணு, அதே எண்ணெய்தான் கீழ காஞ்சு கெடக்குற சருகுலயும் இருக்கு. பீடியை அணைச்சுட்டுப் போடு.

பூவும் அழகுதான். மொட்டு மேல சின்ன மூடி ஒண்ணு இருக்கும். அது கழண்டு விழுந்தா உள்ளேருந்து வெள்ளை இழையா விரியும், இதழே கெடையாது. தேனீ விடாது. பட்டை உரிஞ்சு உரிஞ்சு விழும், உங்க ஆத்தா வெளக்கமாத்தைக் கீழ வைக்க முடியாது. காத்தே இல்லாத வெயில்ல பெரிய கெளை திடீர்னு ஒடிஞ்சு விழறதும் இந்தச் சாதியில உண்டு. அதனால கயித்துக் கட்டிலை அது அடியில போடாத.

புடிக்கலேன்னா வெட்டிடுவேன்னு சவடால் விடுறியாமே. வெட்டு. அடிக்கட்டையிலேருந்து மறுதாம்பு அடிச்சுக்கிட்டு வரும். காகித ஆலைக்கு மரம் விக்கிறவன் ஒருதரம் நட்டுட்டு ரெண்டு மூணு தரம் வெட்டுறது எப்படின்னு நெனைச்ச?

மரத்தைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. 1843-ல காட்டன்னு ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் நீலகிரிக்குக் கொண்டாந்தாரு. குளுருக்கு வெறகு வேணும்னு அப்புறம் தோட்டம் தோட்டமா வச்சாங்க. அங்க மழை கொட்டுது. அந்த மலையிலயே இப்ப சோலையும் புல்வெளியும் போச்சேன்னு பொலம்புறவங்க உண்டு. நம்ம புதுக்கோட்டைச் செம்மண்ணுல கேக்கணுமா? காட்டை அழிச்சுத் தைலமரம் வச்சு, சுத்தி வரப்பைக் கட்டி மழைத்தண்ணியையும் மறிச்சாச்சு. வரத்துவாரியில தண்ணி வராம, கண்மாயில பயலுக கிரிக்கெட் ஆடுறானுவ. கர்நாடகத்துல 2017-லயே புதுசா வைக்கக் கூடாதுன்னு அரசாங்கம் உத்தரவு போட்டுடுச்சு.

இவ்வளவுக்கு மேலயும் ஆசை விடலேன்னா, ஊருக்கு வெளிய உங்க மாமனாரு தரிசுல, கெணறு இல்லாத பக்கமா வச்சுக்க. அவரு கேட்டா என் பேரைச் சொல்லாத.

கொல்லைக்கு நெழலுதான வேணும்? எங்க வீட்டுல புங்கங்கன்னு ரெண்டு நிக்குது. மழைக்கு முன்னால வந்து எடுத்துட்டுப் போ, காசு வேணாம். வர்றப்ப அந்தச் சிங்கப்பூர் டார்ச் லைட் ஒண்ணு கையில இருக்கட்டும்.