பூஜ்யத்திலிருந்து எண்ணுபவர்

வாடிப்பட்டி டீக்கடையில் அவருக்கு 'லினக்ஸ் அண்ணே' என்று பெயர். சொந்தப் பெயரை நான் சொல்ல மாட்டேன். தனிப்பட்ட தரவு என்று சண்டைக்கு வந்துவிடுவார். அக்கா மகனுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில், விண்டோஸுக்குப் பக்கத்தில் ஓரமாகக் கிடந்த பாஸ் லினக்ஸைத் தட்டிப் பார்த்த நாளில் பிடித்த கிறுக்கு இது.

யார் புதுப் போன் வாங்கினாலும் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல வாங்கிப் பார்ப்பார். "ஏண்ணே, டார்ச் லைட்டு ஆப்புக்கு எதுக்கு உங்க சம்பந்தி நம்பரு? இருட்டுல அவருகிட்ட வழி கேக்குமோ?"

அப்புறம் பாடம். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்ததில் தொடங்கும். கட்டற்ற மென்பொருளுக்குச் சுதந்திரம் நாலு, எண்ணுவது பூஜ்யத்திலிருந்து. "பூஜ்யம், குழம்பை யாரும் எதுக்கும் ஊத்திக்கலாம். ஒண்ணு, பக்குவம் கேட்டுப் புளியைக் குறைக்கலாம். ரெண்டு, பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்துல குடுக்கலாம். மூணு, புளி குறைச்சதையும் குடுக்கலாம்." டீயையும் இதே கணக்கில் குடித்துவிட்டு, நாலுக்கு மூணு டீ காசுதான் தந்தார் என்பது கடைக்காரரின் தீராத வழக்கு.

வாட்ஸ்அப் கிடையாது. அதனால் மாமன் வீட்டுக் காதுகுத்து முடிந்து மூன்றாம் நாள்தான் சேதி தெரிந்தது. சிக்னல் ஆப்பில் அவருக்கு இருப்பது ஒரே ஆள், மச்சினன்; அதுவும் இவரே ஏற்றிக் கொடுத்தது. லேப்டாப் கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். ஆனால் நேற்று அவர் வீட்டில் என்ன சண்டை என்பது எதிர்வீட்டு அக்காவுக்கு அத்துப்படி. கேட்டால், "அக்கா அதை விளம்பரக் கம்பெனிக்கு விக்காதுல்ல?" என்பார்.

போன மாதம் ஒருநாள், கடை அடைக்கிற நேரம். டீக்கடைக்காரர் போனை நீட்டினார், கை நடுங்கியது. ஏதோ கடன் ஆப். தவணை தவறியதும் போனிலிருந்த அத்தனை பேருக்கும், சம்பந்தி உட்பட, இவர் படத்தோடு 'திருடன்' என்று அனுப்பியிருந்தது. கடன் ஆப்கள் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. அந்த ஆப் படித்ததாகத் தெரியவில்லை.

அண்ணே 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. வந்த மிரட்டலையெல்லாம் படமெடுத்து வைத்தார். அனுமதிகளைப் பிடுங்கினார், ஆப்பைத் தூக்கினார். "போன நம்பரு போனதுதாண்ணே. இனிமே போகாது" என்று சொல்லி, சைபர் குற்றப் புகாருக்கு 1930-ஐ அவரே அழுத்திக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் நாலு டீ குடித்துவிட்டுப் பையைத் துழாவினார். கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணுக்குப் போதும்ணே. பூஜ்யம் நம்ம கணக்கு."