தலையாட்டிய பாவம்

போன சனிக்கிழமையிலிருந்து கழுத்து திரும்பவில்லை. சுளுக்கு எடுக்கிறவர், "படுக்கையில பிடிச்சிருக்கும் அண்ணாச்சி" என்றார். படுக்கவில்லை, ஜாஸ் கேட்கப் போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு காபிக்கடை. கடை என்றால் கோபித்துக்கொள்வார்கள், கஃபே. சுவரெல்லாம் ஓவியம், முப்பது நாற்காலி, மூலையில் ஒரு சாக்ஸபோன்காரர். 'பரிசோதனை ஜாஸ்' என்று அழைப்பில் போட்டிருந்தது. யார் மேல் பரிசோதனை என்று போடவில்லை. காபி 180 ரூபாய்.

கொற்கையிலிருந்து ஏரல் போய், பஸ் மாறிப் போனேன். எங்கள் ஊருக்குப் பொறுமை ஜாஸ்தி. பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போயும், துறைமுகம் என்றுதான் இன்னும் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஊர்க்காரனுக்கு ஒன்றரை மணி நேரக் கச்சேரி என்ன பெரிசு?

முதல் பத்து நிமிஷம் வெறும் காற்று. சுரமே இல்லை, ஈர விறகு அடுப்பை ஊதுகிற சத்தம். அப்புறம் ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுரம் கிளம்பி ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். நான் சும்மா இருந்தால் ஏரல் பஸ்ஸில் வந்தவன் என்று தெரிந்துவிடுமே. ஆட்டினேன்.

இதில் நுணுக்கம் இருக்கிறது. சபாவில் ஆட்டுகிற பக்கவாட்டு ஆட்டல் இங்கே செல்லாது. மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். தாடை கொஞ்சம் முன்னால், முகத்தில் தங்கம் விலை கேட்ட துயரம். பக்கத்து ஆளைவிட அரை நொடி முந்த வேண்டும். பிந்தினால் பார்த்து எழுதுகிறோம் என்று தெரிந்துவிடும். நடுவில் சட்டென்று நிறுத்தி, ஏதோ பிடிபட்டதுபோல் லேசாகச் சிரிக்க வேண்டும். நான் முந்தினேன், அவர் முந்தினார். நான் சிரித்தேன், அவர் கண்ணைத் துடைத்தார். நான் தொடையில் தாளம் போட்டேன். அவர் தாளமே போடாமல் விரலை அந்தரத்தில் நிறுத்தி என்னைத் தோற்கடித்தார். கோயில் கொடையில் மஞ்சத்தண்ணி தெளித்ததும் கெடா தலையைச் சிலுப்பினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோமே, அந்தக் கெடாவை அன்றைக்குத்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஊதுவது நின்று, டக் டக்கென்று பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது. உச்சக்கட்டம் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமல், "ஆகா!" என்றேன். திறந்தால், சாக்ஸபோன்காரர் மூடிக்கு அடியில் மெல்லிசுத் தாளைச் செருகி இழுத்துக்கொண்டிருந்தார். "ஈரத்துல ஒட்டிக்கிச்சு சார், ஒரு நிமிஷம்."

சாக்ஸபோன் மேல் எனக்கு வழக்கில்லை. 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய அடால்ஃப் சாக்ஸ் மேலும் இல்லை. மங்களூர் பக்கத்து நாகஸ்வரக்காரர் மகன் கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு மயங்கி, கர்நாடக சங்கீதத்துக்கு வளைத்தார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்காவின் ஜான் ஹேண்டி தானே முன்வந்து அவரோடு சேர்ந்து வாசித்தார். 1994இல் லண்டன் பிபிசி ப்ரோம்ஸ் இசை விழா. அதே வருஷம் 'டூயட்' படம். அவருக்குத் தலையாட்ட நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்ததில்லை.

எரிச்சல் என் தலை மேல்தான். இதே தாமிரபரணிக் கரையில்தான் காருகுறிச்சி. நாகஸ்வர மேதை அருணாசலம் பிறந்த மண்ணில், கல்யாண வீட்டில் நாகஸ்வரக்காரர் தோடியை எடுத்தால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, "பந்தி போட்டாச்சா?" என்கிறோம். கெட்டி மேளத்துக்குக் கை காட்டும்போதுதான் அங்கே ஓர் ஆள் இருப்பது கண்ணில் படுகிறது. 180 ரூபாய் கொடுத்துவிட்டால் அடுப்பூதலுக்கும் ஆகா போடுகிற சவம், இவருக்கு ஒரு டீ சொல்லாது.

நேற்று ஏரலில் ஒரு கல்யாணம். கழுத்தில் தைல வாசனையோடு நாகஸ்வரத்துக்கு நேர் முன்னால் போய் உட்கார்ந்து தலையாட்டினேன், திரும்புகிற ஒரு பக்கத்துக்கு மட்டும். வித்வான் இரண்டு நிமிஷம் என்னையே பார்த்தார். ஆலாபனையைப் பாதியில் விட்டுவிட்டு, சீவாளியைக் கழற்றித் துடைத்தபடி, "என்ன பாட்டு வேணும் அண்ணாச்சி?" என்றார்.

'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சியார் வாசித்த பாட்டுத்தான் வாயில் வந்தது. 1962இலிருந்து எல்லாரும் கேட்கிற அதே பாட்டு.

"அதானே பார்த்தேன்" என்றார்.