ஆக்ஸில் வந்தது, ஊளையும் வந்தது

அமெரிக்காவில் பழைய ஜீப் செரோக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. டானா 35 பின் ஆக்ஸில் சோப்ளாங்கி என்று கழற்றிவிட்டு, காயலான் கடை ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 அங்குல ஆக்ஸிலை வெல்டு வைத்துப் பொருத்துவார்கள். தடித்த தண்டு, டிஸ்க் பிரேக் எல்லாம் வரும். கூடவே ஒரு ஊளையும்.

உடனே வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் அமைதியா? கிரவுன், பினியன் பல் பொருத்தம் சரியில்லை. ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தால் உறுமல் கூடிக் குறைகிறதா? வீல் பேரிங். வேகம் ஏற ஏற அதிர்கிறதா? பினியன் கோணம், வெல்டு வைத்த நாளில் கண்மதிப்பே அளவுகோல். மட் டயர் பாவம், தார்ச்சாலையில் தன் பாட்டுக்குப் பாடி எல்லோரையும் குழப்பும்.

மெதுவாகத் திரும்பும்போது மட்டும் கடகடவென்று நடுங்கினால், லிமிடட் ஸ்லிப் கிளட்ச் தட்டுகளுக்கு ஒரு சின்ன புட்டி ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் போதுமாக இருக்கலாம். ஆனால் அவ்வளவு மலிவான வைத்தியம் யாருக்குப் பிடிக்கும்? டிஃபரென்ஷியலைப் பிரித்து, பல்லில் மஞ்சள் பசை தடவித் தடம் பார்த்தால்தான் மரியாதை. அதற்குள் வண்டிக்காரர் முன் ஆக்ஸிலுக்கும் விலை பேசிக்கொண்டிருப்பார்.