சர்க்கரை கார்டும் ஜாம் பாட்டிலும்

எழுபதுகளில் எங்கள் வீட்டில் ஜாம் என்பது வேறு வழியில்லாமல் செய்யப்பட்ட பண்டம். அப்பாவுக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பு வீட்டுக்குப் பின்னால் பிளம்ஸ் மரங்களும் ஒரு நாட்டுப் பேரி மரமும் இருந்தன. மே கடைசியில் பிளம்ஸ் சிவக்க ஆரம்பித்தால் சில வாரங்களுக்கு ஓயாது. தின்றும் தீராது. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம் என்றால் அவர்கள் வீட்டிலும் அதே மரம், அதே பழம். குன்னூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் கிடைக்கிற காசு கூலிக்கே சரியாகிவிடும். மரத்தடியில் அழுக விடவும் அம்மாவுக்கு மனசு வராது. அதனால் ஜாம்.

அந்த ஜாமுக்கு வீட்டில் மரியாதை கிடையாது. மரியாதையெல்லாம் கடை ஜாமுக்குத்தான். விருந்தாளி வந்தால் மேல் தட்டிலிருந்து கடை பாட்டில் இறங்கும். அதன் சிவப்பும் பளபளப்பும் எங்கள் வீட்டுப் பேரிக்காய் ஜாமுக்கு வரவே வராது. அது வெல்லப்பாகு நிறத்தில், கொஞ்சம் நறநறவென்று இருக்கும். நாட்டுப் பேரியின் சதையிலேயே அந்த நறநறப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது, பக்கத்துப் பெண்ணின் ரொட்டியில் சிவப்பு ஜாம் இருந்தால் என் ரொட்டியை மடித்து வைத்துக்கொள்வேன். அம்மாவுக்கும் அதே ஏக்கம் இருந்தது. ஒரு வருஷம் கேசரிப் பவுடரைக் கலந்துகூடப் பார்த்தார்.

இன்று நிலைமை தலைகீழ். பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகள் கடை ஜாமை வீட்டுக்குள் விடுவதில்லை. வீட்டில் செய்தது, சின்னச் சட்டியில் செய்தது என்று கையால் எழுதிய சீட்டு ஒட்டிய பாட்டிலைக் கடை ஜாமைவிட இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குகிறாள். நிறம் மங்கலாக இருந்தால்தான் அவளுக்கு நம்பிக்கை. எனக்கு இதில் சந்தோஷம். அம்மாவின் கைவேலைக்குக் கிடைக்காத மதிப்பு, வேறு யாரோ ஒரு பெண்ணின் கைவேலைக்காவது கிடைக்கிறதே. ஆனால் சர்க்கரை விஷயத்தில் இன்று நடப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பழைய கதையை எடுத்தேன்.

எங்களுக்கு ஜாம் செய்யச் சொல்லிக்கொடுத்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். தேயிலை எஸ்டேட் துரை ஒருவரின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். மலையில் ஜாம் பரவிய வழியே அதுதான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் 1819-இல் நீலகிரி ஏறிய பிறகு, வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பழமரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். பழத்தோடு பக்குவமும் வந்து, பங்களா அடுப்படியில் வேலை பார்த்த நம் ஆட்களின் கைக்கு மாறியது. மாமா காட்டுப் பழத்தையும் விட்டுவைக்கவில்லை. மலைச்சரிவுகளில் தானாக விளையும் தவிட்டுப் பழத்தைச் சிறுவர்களைவிட்டுப் பறித்துவரச் சொல்லி அதிலும் ஜாம் போடுவார். ஊதா நிறம், லேசான துவர்ப்பு. அதைவிட நல்ல ஜாமை நான் இதுவரை சாப்பிட்டதில்லை.

ஆனால் சர்க்கரைக்கு எங்கே போவது? ரேஷனில் கார்டுக்கு இவ்வளவு என்று அளந்து போடுவார்கள். வெளிச்சந்தை விலை எங்களுக்கு எட்டாது. பிளம்ஸ் காலத்துக்காக அம்மா மாசி மாதத்திலிருந்தே சேர்ப்பார். காப்பியில் வெல்லம் விழும். பண்டிகைப் பலகாரம் வெல்லத்திலேயே முடியும். சேர்த்த சர்க்கரை எறும்பு ஏறாத டப்பாவில் கட்டிலுக்கு அடியில் இருக்கும். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை ஒரே நாளில் சட்டியில் கொட்ட யாருக்குத்தான் கை வரும்?

"அண்ணா, சக்கரையைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

மாமாவிடம் ஒரே பதில்தான். "சக்கரையைக் குறைச்சா அது ஜாம் இல்ல அம்மணி, பழக் குழம்பு. பத்து நாள்ல நுரைச்சுப் போகும். வேணும்னா பழத்தைக் குறை."

பழத்தைத்தான் குறைத்தோம். மிச்சப் பழம் ஆட்டுக்குப் போனது.

மாமா படிக்காதவர். ஆனால் அவர் சொன்னது அத்தனையும் சரி என்பது பிற்பாடு புத்தகங்களைப் புரட்டியபோது தெரிந்தது. ஜாமில் சர்க்கரை வெறும் இனிப்புக்காக இல்லை. அது பழத்திலுள்ள தண்ணீரைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடுகிறது. பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் தண்ணீர் இருந்தும் கிடைக்காது, அதனால் வளராது. இதற்கு ஜாமில் கரைந்திருக்கும் திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, நூற்றுக்கு 65 பங்காவது இருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1955-ஆம் வருஷப் பழப் பொருள் ஆணை 68 சதவீதம் கேட்டது. 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறை 65 என்கிறது. பழம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஸ்ட்ராபெரி, ராஸ்பெரிக்கு மட்டும் 25 போதும். ஜாம் கட்டியாவதற்கும் சர்க்கரை வேண்டும். பழத்தில் உள்ள பெக்டின் வலைபோலப் பின்னிக்கொண்டால்தான் ஜாம் நிற்கும். அப்படிப் பின்ன, போதிய சர்க்கரையும் புளிப்பும் சேர வேண்டும். பிளம்ஸில் பெக்டினும் புளிப்பும் தாராளம், தானே உறையும். பேரிக்காயில் புளிப்பு போதாது, எலுமிச்சை பிழிந்தால்தான் வழிக்கு வரும். பழுத்துக் கனிந்ததோடு கொஞ்சம் செங்காயும் சேர் என்று மாமா சொன்னதற்குக் காரணம், காயில் பெக்டின் அதிகம் என்பது.

அந்த நாளின் சட்டியை இப்போதும் என்னால் பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறது. ஈயம் பூசிய வாய் அகன்ற பித்தளைச் சட்டி. புளிப்புப் பழத்தை வெறும் பித்தளையில் வைக்கவே மாமா விடமாட்டார். அடியில் சீகை விறகு. பிளம்ஸைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவிட்டு, சல்லடையில் தேய்த்துக் கொட்டையையும் தோலையும் ஒதுக்குவார்கள். பிறகு சர்க்கரை. அது கரையும்வரை தீயை ஓங்கி எரிய விடக்கூடாது. கரைந்த பிறகு அடக்கி வைக்கவும் கூடாது. முதலில் இளஞ்சிவப்பு நுரை பொங்கி வரும். அதைக் கரண்டியால் வழித்து ஒரு கிண்ணத்தில் போடுவார்கள், அது பிள்ளைகளுக்கு. நேரம் ஆக ஆக நுரை அடங்கிக் குமிழி பெரிதாகும், நிறம் கருஞ்சிவப்பாக இறங்கும்.

"கண்ணு, சத்தத்தைக் கேளு" என்பார் அம்மா. "இன்னும் தண்ணிச் சத்தம்தான் வருது."

சலசலப்பு போய், பொத் பொத்தென்று கனத்த சத்தம் வரும். அப்போது பீங்கான் தட்டை எடுப்போம். வெளியே பனியில் வைத்துச் சில்லிட்டிருக்கும் தட்டு. அதில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் மெல்லத் தள்ள வேண்டும். மேல்தோல் சுருங்கினால் பதம். ஓடினால் இன்னும் கொதிக்க வேண்டும். மரக்கரண்டியைச் சாய்த்துப் பிடித்தாலும் தெரியும். சொட்டுச் சொட்டாக விழாமல், இரண்டு சொட்டு ஒட்டிக்கொண்டு தகடாகத் தொங்கி விழும்.

மலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பதம் பார்க்கும் பழக்கம் ரொம்ப முக்கியம். ஜாம் 105 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கு என்று சமையல் குறிப்புகள் சொல்கின்றன. அது கடல் மட்டத்துக் கணக்கு. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஜாம் அதைவிட ஏறக்குறைய 5 டிகிரி மேலே போனால் பதம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். அதனால் ஜாமுக்கு 99 போதும். வெப்பமானியை வைத்துக்கொண்டு 105-க்காகக் காத்திருக்கும் பெண்களை இங்கே பார்க்கிறேன். அவர்களுக்குக் கிடைப்பது கருகல் வாடை அடிக்கும் மிட்டாய். வெப்பமானி வைத்திருப்பவர்கள் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளவு பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் 5 டிகிரி.

பாட்டிலில் அடைப்பதில் மட்டும் இன்றைய முறைதான் மேல். அன்று ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலை வேகவைத்து, அடுப்பு மேட்டில் காயவைத்து, சூடான ஜாமை ஊற்றி, மேலே மெழுகுவர்த்தியை உருக்கி விடுவோம். மெழுகு ஆறும்போது சுருங்கும், ஓரத்தில் இடுக்கு விழும், அதன் வழியே பூஞ்சை இறங்கும். ஆவணியில் திறந்தால் சில பாட்டிலில் பச்சைப் படலம் இருக்கும். இன்று ரப்பர் பூச்சுள்ள திருகு மூடி கிடைக்கிறது. வாயிலிருந்து கால் அங்குலம் விட்டு ஜாமைச் சூடாக நிரப்பி, மூடியை இறுக்கி, பாட்டில் முழுகும்படி கொதிநீரில் வைக்க வேண்டும். சமவெளியில் 5 நிமிடம், 1,000 அடிக்கு மேல் 10, 6,000 அடிக்கு மேல் 15 என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. எடுத்து ஆறவைத்தால் மூடியின் நடு டக்கென்று உள்ளே இறங்கும். அந்தச் சத்தம் வராத பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து முதலில் தின்றுவிட வேண்டும். ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இது புளிப்புள்ள பழத்துக்கு மட்டும் பொருந்தும். காய்கறியையோ கறியையோ இப்படிக் கொதிநீரில் மட்டும் வைத்து அடைத்தால் உள்ளே உயிரைக் குடிக்கும் நஞ்சு உண்டாகலாம். பப்பாளிக்கும் புளிப்பு போதாது, எலுமிச்சை இல்லாமல் அதை பாட்டிலில் அடைக்கவே கூடாது.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். போன வருஷம் அண்ணன் மகள் ஊட்டி பிளம்ஸ் வாங்கித் தானே ஜாம் செய்து, எனக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். "அத்தை, இதுல சர்க்கரை பாதிதான்" என்றாள், அவ்வளவு பெருமையாக. ருசி நன்றாகவே இருந்தது. பழத்தின் புளிப்பு துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் அலமாரியில் வைத்த அந்த பாட்டில் இரண்டாவது வாரமே நுரைத்துவிட்டது.

அன்று அம்மா சர்க்கரையைக் குறைக்க நினைத்தது, சர்க்கரை கிடைக்காததால். இன்று அது எந்தக் கடையிலும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்போது குறைக்கிறார்கள், சர்க்கரை நோய்க்குப் பயந்து. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் குடும்பத்திலேயே மாத்திரை போடாதவர்கள் குறைவு. ஆனால் சர்க்கரையைக் குறைக்கிறவர்கள், அது செய்துகொண்டிருந்த காவல் வேலையை வேறு எதனிடமாவது ஒப்படைக்க வேண்டாமா? பாதிச் சர்க்கரையில் செய்தால் சின்னப் பாட்டிலாகப் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தின்று முடியுங்கள். குளிர் உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். அதைச் செய்யாமல், முழுச் சர்க்கரை ஜாம்போல அலமாரியில் வைப்பதும், ஆறு மாதம் கெடாது என்று எழுதி விற்பதும் தப்பு. சர்க்கரை கூடாதவர்கள் முழுச் சர்க்கரை ஜாமைத் தொடாமல் இருப்பதே நல்லது. மற்றவர்களுக்கு ஒரு ரொட்டிக்கு ஒரு கரண்டி போதும். நாங்கள் அப்படித்தான் தின்றோம், ஒரு பாட்டில் ஒரு மாதம் வந்தது.

கடை ஜாமைத் திட்டுகிறவர்களோடும் நான் முழுக்கச் சேரமாட்டேன். சீட்டில் இருக்கும் எண்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். 440 என்பது பெக்டின், பழத்திலேயே இருப்பது. 330 நம் எலுமிச்சை உப்பு. 211 சோடியம் பென்சோயேட், கெடாமல் காப்பது. 122 சிவப்புச் சாயம், அது மட்டும்தான் எனக்குத் தேவையில்லாததாகப் படுகிறது. அம்மா ஏங்கிய அந்தச் சிவப்பும் சாயத்தில் வந்ததுதான்.

எனக்கு உண்மையான வருத்தம் மரங்களைப் பற்றியது. எங்கள் பழைய குடியிருப்பைச் சுற்றி இருந்த பிளம்ஸ் மரங்களில் பாதிக்கு மேல் இன்று இல்லை. சில இடத்தில் தேயிலை, சில இடத்தில் விடுதிக் கட்டடம். மிஞ்சிய பேரி மரங்களுக்குக் கரடி வருகிறது என்று வீட்டுக்காரர்களே வெட்டிவிடுகிறார்கள். சிம்ஸ் பூங்காவில் மே மாதம் பழக்காட்சி வைத்து, பழங்களை உருவங்களாக அடுக்குகிறார்கள், கூட்டம் அலைமோதுகிறது. அதே வாரம் ரோட்டோரத்தில் கூடை வைத்திருக்கும் பெண்ணிடம் நின்று பழம் வாங்குகிறவர்கள் குறைவு.

மே, ஜூனில் நீலகிரி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜாம் பாட்டில் வாங்குவதோடு நிறுத்தாமல், ரோட்டோரக் கூடையில் இரண்டு கிலோ பிளம்ஸ் வாங்கிப் போங்கள், கால்வாசி செங்காயாகப் பார்த்து. கொட்டை, தோல் நீக்கிய விழுது ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் சர்க்கரை போடுங்கள். பதம் தட்டில் பாருங்கள். மரத்துக்காரருக்குப் பழத்தால் காசு வந்தால்தான் மரம் நிற்கும்.