ஒரு இன்ச் கௌரவம்

1955, ஆகஸ்ட். அமெரிக்காவின் சியாட்டில் நகரம். வாஷிங்டன் ஏரிக்கரையில் படகுப் போட்டி பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். ஏர்லைன் முதலாளிகள் பலரும் அப்போது ஊரில்தான் இருந்தார்கள். போயிங் தலைவர் பில் ஆலன் அவர்களை அழைத்து வந்து சௌகரியமாக உட்கார வைத்திருந்தார். கம்பெனியின் புது ஜெட் டேஷ்-80, தலைக்கு மேலே அடக்க ஒடுக்கமாக ஒரு ரவுண்டு போய்விட்டு வரவேண்டும். அவ்வளவுதான் ப்ளான்.

ஓட்டியவர் டெக்ஸ் ஜான்ஸ்டன். கௌபாய் பூட்ஸ், கௌபாய் தொப்பி. டெக்ஸாஸ்காரர் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை சார், கான்ஸஸ்! பட்டப்பெயருக்கே இவ்வளவு பில்டப் கொடுக்கிற ஆள், சும்மா ஒரு ரவுண்டு போய்விட்டு வருவாரா?

விமானத்தைப் பக்கவாட்டில் புரட்டி, வயிறு வானத்தைப் பார்க்க, ஒரு முழுப் பல்டி. ஏதோ கை தவறிவிட்டது என்று யாராவது நினைத்துவிட்டால்? திரும்பி வந்து இன்னொரு பல்டி. உள்ளே இருந்த ஒருவர் ஜன்னல் வழியாக போட்டோ வேறு எடுத்திருக்கிறார். அந்தப் படத்தை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் ஏதாவது ஒன்று தலைகீழாகத்தான் இருக்கும்.

ஆலன் படிப்பால் வக்கீல், சுபாவத்தாலும் வக்கீல். கம்பெனியின் சொந்தக் காசு 1.6 கோடி டாலரைக் கொட்டிச் செய்த விமானம் அது. இருந்ததே அந்த ஒன்றுதான்; ஸ்பேர் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி பெல், இன்னொரு விமானக் கம்பெனியின் அதிபர், இதய நோயாளி. கதை என்னவென்றால், ஆலன் அவரிடமே கை நீட்டி மாத்திரை கேட்டாராம். மறுநாள் கூப்பிட்டு விசாரித்ததற்கு டெக்ஸ் சொன்ன விளக்கம்: விமானம் விற்றுக்கொண்டிருந்தேன்.

சரி, விற்றதா?

அங்கேதான் கதையே. அதே வருடம் அக்டோபர் 13 அன்று பான் ஆம் ஏர்லைனின் தலைவர் ஹுவான் ட்ரிப் மொத்தம் 45 ஜெட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்த சேதி வெளியானது. டேஷ்-80-ஐ வைத்துச் செய்யவிருந்த பயணிகள் விமானமான போயிங் 707-க்கு 20. மிச்சம் 25? பரம எதிரி டக்ளஸின் டிசி-8-க்கு. இதில் என்ன கொடுமை என்றால், அன்றைய தேதிக்கு டிசி-8 என்று ஒரு விமானமே உலகத்தில் கிடையாது! டிராயிங் மட்டும்தான். முள்ளுச்செடி மண்டிய காலி மனையைக் காட்டி, "இங்கேதான் சார் ஸ்விம்மிங் பூல்" என்று ஃப்ளாட் விற்பார்களே, அதே டெக்னிக். ரெண்டு பல்டி அடித்த நிஜ விமானத்தைக் காகித விமானம் அஞ்சு ஆர்டரில் ஜெயித்துவிட்டது.

காரணம் இடுப்பளவு. ராணுவ டேங்கர் விமானத்துக்குப் போட்ட அதே அளவில் பயணிகள் விமானத்தையும் செய்துவிடலாம் என்று போயிங் சிக்கனக் கணக்குப் போட்டிருந்தது: 144 இன்ச். டக்ளஸ் தாளில் போட்டிருந்ததோ 147. ஒரு வரிசையில் ஆறு பேரைத் தாராளமாக உட்கார வைக்கலாமே என்று ஏர்லைன்காரர்களுக்கு நாக்கில் எச்சில். தாளில் இருக்கிற விமானத்தை அகலப்படுத்த ஒரு ரப்பரும் பென்சிலும் போதும். போயிங்குக்கு அந்த வசதி இல்லை, பாவம்.

கடைசியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் முறைத்த பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு 707-ஐ அகலமாக்கினார்கள். எவ்வளவு? 148 இன்ச். டக்ளஸைவிடச் சரியாக ஒரு இன்ச் கூடுதல்! அந்த ஒரு இன்ச்சை வரிசையில் இருக்கும் ஆறு பேரும் பங்கு போட்டால் ஆளுக்கு நாலு மில்லிமீட்டர் வரும். சட்டை பட்டன் தடிமனுக்குக் காணும். ஆனால் சேல்ஸ்மேன் வாயில் வந்தால் அது "எங்களுடையதுதான் அகலம்".

1958 அக்டோபர் 26, நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு 707-ன் ஜாம்ஜாமென்ற முதல் சர்வீஸ். மூன்று வாரத்துக்கு முன்பே பிரிட்டிஷ்காரர்களின் காமெட்-4 பயணிகளோடு அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டதே என்று போயிங் ஆட்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். டிராயிங்கிலிருந்து இறங்கி டிசி-8 சர்வீஸுக்கு வருவதற்கு 1959 செப்டம்பர் ஆகிவிட்டது.

டக்ளஸ் சும்மா இருக்குமா? 1961-ல் ஒரு டிசி-8-ஐ உயரே கொண்டுபோய், மூக்கைக் கீழே குத்தி டைவ் அடிக்க வைத்து, ஒலியின் வேகத்தைத் தாண்டினார்கள். மாக் 1.012! தரையை நோக்கிப் பாயும்போது மட்டும் ஒலியை முந்துகிற விமானத்தில் எந்தப் பயணி டிக்கெட் எடுப்பார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. டிசி-8 மொத்தம் 556-தான் தயாரானது. 707 அதைத் தாண்டிப் போய்விட்டது.

1967-ல் பணமுடையில் டக்ளஸ், மெக்டோனல் கம்பெனியோடு ஐக்கியமானது. 1997-ல் அந்த மெக்டோனல் டக்ளஸையே போயிங் விழுங்கியது. விழுங்கப்பட்ட கம்பெனியின் பெரிய தலைகள் வந்து போயிங்கின் உயர்ந்த நாற்காலிகளில் அமர்ந்ததைப் பார்த்த பழைய ஆட்கள் ஒரு ஜோக் அடித்தார்கள்: மெக்டோனல் டக்ளஸ்தான் போயிங்கை வாங்கியிருக்கிறது, அதுவும் போயிங்கின் பணத்திலேயே!